ஆமை மண்டபத்தில் கரண்ட் போன மதியம்

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி அந்தப் பகுதியில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'ஹலோ' என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கைநீட்டி வீட்டைக் காட்டிவிடும். மைக் செட் வாடகைக்கு விடுவது அவர் தொழில். எந்தக் கூட்டமானாலும் ஆள் சேரும் முன்பே மேடையேறி, மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "ஹலோ... ஹலோ..." என்று சொல்லிப் பார்ப்பார். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்.

"இங்க நடந்த எல்லாக் கூட்டத்துலயும் முதல்ல பேசினது எங்க மாமாதான். ரெண்டாவது வார்த்தை என்னன்னுதான் இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது" என்று அவர் மைத்துனன் கிண்டல் செய்வான்.

கிண்டல்தான் என்றாலும் பொய்யில்லை. ஹலோ அதிகம் பேசுகிறவர் இல்லை. மற்றவர்கள் பேசுவதையும் அவர் காதில் வாங்கியதில்லை. அதாவது, பேசுகிறவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறதா, 'ப' சொல்லும்போது மைக்கில் காற்று அடிக்கிறதா, கடைசி வரிசைக்குச் சத்தம் போகிறதா, இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அந்த மனிதர் என்னதான் சொன்னார் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். கல்யாண வீட்டில் வாழ்த்துரை, சங்கக் கூட்டத்தில் சண்டை, பள்ளி விழாவில் பரிசு அறிவிப்பு எல்லாமே அவருக்கு ஒன்றுதான். கை ஆம்ப்ளிபயர் பெட்டியின் திருகுகளில் இருக்கும், கண் ஸ்பீக்கரில் இருக்கும், மனசு ஒயரில் இருக்கும்.

அவர் பிழைப்பு முழுக்க அந்தப் பகுதியின் நடு வளாகத்தைச் சுற்றித்தான். வளாகம் என்றால் பெரிதாக ஏதும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நடுவில் சிமெண்டுத் தரை போட்ட ஒரு திடல். இரண்டு பக்கமும் மாடி வைத்த கடை வரிசை. முன்பக்கம் பஸ் நிறுத்தம். பின்பக்கம் பொது மண்டபம். கடைகளின் பால்கனிச் சுவரில் கம்பி தெரியும் அளவுக்குக் காரை பெயர்ந்திருந்தது. மழை பெய்தால் திடலின் ஒரு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மண்டபத்தின் கூரை முதுகைத் தூக்கிக்கொண்டு படுத்திருக்கிற மாதிரி வளைந்து இருக்கும். எந்தக் காலத்தில் கட்டினார்களோ, யார் கட்டினார்களோ, ஒரு கல்வெட்டுக்கூடக் கிடையாது. எல்லோருக்கும் அது 'ஆமை'. "ஆமையிலதான் கூட்டம்", "ஆமைக்கு எதிர்க்கடை" என்பார்கள்.

ஹலோவின் சாமான்கள் கிடக்கும் அறை கடை வரிசையின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. அதற்கு நேர் மேலே மைத்துனனின் கைபேசிக் கடை. அந்தக் கடையின் கல்லாவில் உட்காருவது ஹலோவின் மனைவி. தம்பி கடையில் அக்கா, அக்காவுக்குக் கீழே புருஷன். காலையில் மூவரும் சேர்ந்துதான் பூட்டைத் திறப்பார்கள்.

அந்த ஆமை மட்டும் ஹலோவின் தீராத தலைவலி. அதற்குள் மைக்கை வைத்தால் ஊளையிடும். ஸ்பீக்கரை இடது சுவரில் மாட்டினால் வலதுபக்கத்தில் உட்கார்ந்தவருக்கு ஒரு சொல் இரண்டாகக் கேட்கும். வலதுபக்கம் மாட்டினால் மேடையிலிருப்பவர் காதைப் பொத்திக்கொள்வார். சுவரில் ஜமுக்காளம் தொங்கவிட்டுப் பார்த்தார். சணல் சாக்குக் கட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த மல்லுக்கட்டு, மகள் வேலைக்குப் போன பிறகும் ஓயவில்லை. "என்னைக்காவது இதை இடிச்சாங்கன்னா முதல் கடப்பாரை என்னோடது" என்று மனைவியிடம் சொல்லுவார்.

இடிக்கிற நாளும் வருகிற மாதிரித்தான் இருந்தது. வளாகத்தை மொத்தமாகத் தரைமட்டமாக்கிவிட்டுப் புதிதாகக் கட்டப்போவதாக நகராட்சியிலிருந்து சேதி வந்தது. அதற்கு முன்னால் மக்கள் கருத்தைக் கேட்கிறார்களாம், மூன்று கூட்டம் போடுகிறார்களாம். திட்டத்தைக் கவனிக்க ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். சின்ன வயசு, பேச்சில் பதறாத பெண். வந்ததும் கடைகடையாக ஏறி இறங்கி எல்லோரையும் கூப்பிட்டுவிட்டுப் போனார்.

அதோடு ஊர் இரண்டாகப் போயிற்று. இடிக்கணும் என்கிற பக்கத்துக்கு மைத்துனன் தலைவன் மாதிரி. "கஸ்டமர் மேல வர்றதுக்குள்ள மூச்சு வாங்குது, மாமா. லிப்ட் வெச்ச கட்டடம் வந்தா நம்ம தலையெழுத்தே மாறிடும். புது மண்டபத்துக்குச் சவுண்டு வேலை முழுக்க உங்களுக்குத்தான். நான் பேசிட்டேன்." இடிக்கக் கூடாது என்கிற பக்கத்துக்கு ஓய்வுபெற்ற தபால்காரர். புதுக் கட்டடம் வந்தால் வாடகை ஏறும், இருக்கிற சின்னக் கடைக்காரன் ஒருத்தனும் திரும்பி வரமாட்டான் என்பது அவர் கட்சி. இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை பலமாக இருந்தது. டீ குடிக்கப் போகிற இடத்தில்கூட ஆளுக்கொரு பெஞ்சு பிரிந்துவிட்டது.

முதல் கூட்டம் ஆமைக்குள்தான் நடந்தது. ஹலோ மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைவரிசையாகப் போனார். மைக் கைக்கு வந்தவர்கள் அதை விடவில்லை. வராதவர்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஆமை தன் பங்குக்கு ஊளையிட்டது. நடுவில் தையல்கார அக்கா கை தூக்கினாள். வளாகத்தின் கடைசிக் கடையில் துணி தைப்பவள். தொண்டையில் ஆபரேஷன் நடந்ததிலிருந்து அவளுக்குக் குரல் கிடையாது, வெறும் மூச்சுதான் வரும். பக்கத்தில் போய்க் காதை நீட்டினால்தான் பேச்சு புரியும். ஹலோ ஓடிப்போய் மைக்கை அவள் உதட்டருகே பிடித்தார். 'உஸ்' என்று ஒரு காற்றுதான் வந்தது. சத்தத்தைக் கூட்டினார். ஸ்பீக்கர் வீல் என்று கத்தியது. முன்வரிசை முழுக்கக் காதைப் பொத்தியது, பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா உட்கார்ந்துவிட்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது ஹலோ சொன்னார்: "அந்தம்மா என்னமோ சொல்ல வந்துச்சு. என் மெஷின் சொல்ல விடலை."

மனைவி ஆச்சரியமாகப் பார்த்தாள். யார் என்ன சொல்ல வந்தார்கள் என்று இந்த மனுஷன் யோசித்து அவள் பார்த்ததேயில்லை.

இரண்டாவது கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். திடலில் கால் வைக்க முடியவில்லை. ஆனாலும் மண்டபம் நிரம்பி வழிந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றார்கள். மேலே மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன, ஸ்பீக்கரிலிருந்து எப்போதும்போல 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். மைத்துனன் மைக்கைப் பிடித்து லிப்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். தபால்காரர் உட்கார்ந்த இடத்திலிருந்தே மறித்துக் கத்தினார்.

அப்போது தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது. மண்டபத்துக்கே ஒரு நிமிஷம் தூக்கிவாரிப்போட்டது. விளக்கு அணைந்தது. மைக் செத்தது. விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தன.

ஹலோவுக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. பேட்டரியை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "ரெண்டே நிமிஷம், கொண்டாந்துடறேன்" என்று இன்ஜினியர் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினார். வெயிலில் திடலைத் தாண்டி, மாடிப்படிக்கு அடியில் குனிந்து, பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு, மூச்சிரைக்க மண்டபத்தின் பின்வாசலுக்கு வந்தார். இந்நேரம் ஆளுக்கு ஆள் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்தார்.

கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றுவிட்டார்.

உள்ளே அத்தனை பேரும் இருந்தார்கள். ஒரு சத்தம் இல்லை. யாரோ ஒரு பெண் அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார், பக்கத்தில் யாரும் இல்லை. அப்புறம்தான் மேடையைப் பார்த்தார். அங்கே, மண்டபத்தின் அந்தக் கோடியில், தையல்கார அக்கா நின்றுகொண்டிருந்தாள். உதடு அசைந்தது. அந்த மூச்சுப் பேச்சு, பக்கத்தில் போய்க் காதை நீட்டினால்தான் புரிகிற அந்தப் பேச்சு, கடைசிக் கதவில் நின்ற அவர் காதில் எழுத்து எழுத்தாக விழுந்தது.

"...காலையில கடை தொறந்தா சாயங்காலம் வரைக்கும் நான் தண்ணி குடிக்கிறதில்லை. இந்த வளாகத்துல பொம்பளைங்களுக்குன்னு ஒரு கழிப்பறை கிடையாது. எனக்கு மட்டும் இல்லை, இங்க கடையில நிக்கிற எல்லாப் பொண்ணுங்களுக்கும் இதே கதிதான். யாரும் வெளியில சொல்றதில்லை. எப்படிச் சொல்றது? துணி குடுக்க வர்றவங்க, 'ஏன்க்கா உதடு இப்படி வெடிச்சிருக்கு'ன்னு கேப்பாங்க. வெயில்னு சொல்லிச் சமாளிச்சுருவேன்."

கல்லாவில் உட்காருகிற தன் மனைவியை ஹலோ கூட்டத்தில் தேடினார். அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். காலையில் அவர் நிரப்பித் தருகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் முக்கால்வாசி அப்படியே திரும்பி வருவது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்கல்லாம் வாடகையைப் பத்திப் பேசறீங்க, லிப்டைப் பத்திப் பேசறீங்க. நியாயம்தான். எனக்கு எல்லாத்தையும் இடிச்சாலும் சம்மதம். இந்த மண்டபத்தையும் சேர்த்தே இடிங்க. ஆனா அப்புறம் முதல்ல கட்டுறது அதுவா இருக்கட்டும். அவ்வளவுதான்."

அவள் இறங்கி வந்தாள். செருப்புச் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது.

யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற மாதிரியான பேச்சும் இல்லை அது. தபால்காரர் இருந்த இடத்திலேயே எழுந்தார். எப்போதும் தொண்டை கிழியப் பேசுகிறவர், அன்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினார். "எனக்கு இது தெரியாதும்மா. இத்தனை வருஷம் தெருத்தெருவா அலைஞ்சவன், எனக்கே தெரியலை." அதுவும் கதவு வரைக்கும் கேட்டது. பிறகு பஸ் நிறுத்தத்தில் பழக்கடை போட்டிருப்பவர் பேசினார். சக்கர நாற்காலியில் வரும் ஒரு பெண் பேசினாள். மாடிக் கடைகளை அவள் கீழே இருந்தே பார்த்திருக்கிறாளே தவிர, ஒரு தடவைகூட ஏறியதில்லையாம். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ஒருவரும் எழுந்து போகவில்லை. ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் வாய் திறந்தார். கத்த வேண்டிய தேவையே இல்லாமல் போய்விட்டது. மைத்துனன்கூடத் தணிந்த குரலில், "முதல்ல அதைத்தான் கட்டணும். அதுல நான் எந்தக் கட்சியும் இல்லை" என்றான்.

ஹலோ பேட்டரியைக் கீழே வைத்தார். இன்ஜினியர் அம்மா மேடையிலிருந்து அவரைப் பார்த்து 'மாட்டுறீங்களா' என்று கையால் கேட்டார். ஹலோ வேண்டாம் என்று தலையசைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டே மெதுவாக நடந்து இடது மூலைக்குப் போய் நின்று பார்த்தார். கேட்டது. தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தார். அங்கேயும் கேட்டது. தலையைத் தூக்கி அந்தக் கூரையைப் பார்த்தார். சாக்குக் கட்ட எத்தனையோ தடவை ஏணி போட்டு ஏறியிருக்கிறார். ஆணி அடிக்கத் தோதான இடத்தைத் தேடியிருக்கிறாரே தவிர, அந்த வளைவைப் பார்த்ததில்லை. மேடைக்கு மேலே தாழ்ந்து கிளம்பி, நடுவில் உயர்ந்து, பின்னால் கை குவித்த மாதிரி இறங்கியது அது. ஒருத்தர் வாயிலிருந்து எடுத்து எல்லோர் காதிலும் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தது. இவ்வளவு காலமும் அதைத்தான் செய்து வந்திருக்கிறது. அதன் வாயில் அவர் ஸ்பீக்கரைத் திணித்து, விசிறியைப் போட்டுவிட்டு, ஊளையிடுகிறது என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.  

அவர் மட்டுமில்லை. கூட்டம் முடிந்த பிறகும் நிறைய பேர் போகாமல் ஆளுக்கொரு மூலையில் நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தார்கள். பெரியவர்களெல்லாம் சின்னப் பிள்ளைகள் மாதிரி, "இங்க கேக்குது, அங்க?" என்று கேட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து இன்ஜினியர் அம்மா ஹலோவை வரச்சொன்னார். மண்டபத்தில் வேறு யாருமில்லை. அந்த அம்மா மேடையில் நின்று ஒரு தீக்குச்சியை உரசினார். பின்வாசலில் நின்ற ஹலோ, "கேக்குதும்மா. முதல் தடவை பத்தலை, ரெண்டாவது உரசல்லதான் பத்துச்சு" என்றார். அந்த அம்மா சிரித்தார். ஏதோ கருவிகளை வைத்து அளந்தார். அளக்க அளக்க அவர் முகமும் மாறிக்கொண்டே வந்தது. கடைசியில் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"நாங்க புதுசா கட்டப்போற மண்டபத்துல இந்த மாதிரி வருமான்னு கேட்டா, எனக்குத் தைரியமாச் சொல்ல முடியலை சார். படிச்சிருக்கேன், கணக்குப் போடுவேன். ஆனா இது கணக்குக்கு மேல ஏதோ ஒண்ணு. யாருன்னே தெரியாத ஒருத்தர் இதைக் கட்டிக் குடுத்துட்டுப் போயிருக்கார்."

"பேரைக்கூட எழுதி வெக்கலை பாருங்கம்மா."

"ஆமா." தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அடுத்த கூட்டத்துல ஒருத்தர் இதைப் பத்திச் சொல்லணும். நான் சொன்னா நகராட்சி சொல்லுதுன்னு ஆயிடும். உங்களை ஒண்ணு கேக்கறேன். இந்த மண்டபத்துக்கு மைக் வேணுமா?"

அவருக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் ஆமையில்தான். புது மண்டபம் வந்தால் மைத்துனன் வாங்கித் தருவதாகச் சொன்ன வேலையும் கண்முன்னால் வந்து போனது. மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. வேணும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், யாரும் குறுக்கே கேட்கப் போவதில்லை. ஊரில் அவர் சொல்தான் இதில் கடைசிச் சொல்.

மேலே ஒரு புறா சிறகடித்தது. அந்தச் சத்தம் மெத்தென்று வந்து அவர் காதில் இறங்கியது.

"வேண்டாம்மா" என்றார்.

மூன்றாவது கூட்டத்தில் அவர் முதல்முறையாகப் பேசுவதற்காக மேடை ஏறினார். எதிரே மைக் ஸ்டாண்டு இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கடைசியில் கட்டிக்கொண்டார். "நான் சொல்ல வந்தது ஒண்ணுதான். கடையெல்லாம் இடிச்சுக் கட்டுங்க. என் ரூமும் அதுல போகுது, பரவாயில்லை. அக்கா கேட்டதை முதல்ல கட்டுங்க. ஆனா இந்த மண்டபத்தை விட்டுருங்க. இதுக்கு மைக் தேவையில்லை. விசிறியைச் சத்தமில்லாததா மாத்தினா போதும். மைக் செட்காரன் சொல்றேன், நம்புங்க." இறங்கிவிட்டார்.

மைத்துனன் முகம் சிவந்துவிட்டது. அவன் கேட்டிருந்த பெரிய கட்டடம், மண்டபம் நின்ற இடத்தையும் சேர்த்துப் போட்ட கணக்கு. "மாமா, என்னைக் கேட்டுட்டாவது பேசியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அப்புறம் கொஞ்ச காலம் பூட்டைத் திறக்கும்போது அவன் சாவியை அக்கா கையில் கொடுப்பானே தவிர, மாமா முகத்தைப் பார்க்கமாட்டான்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி சொன்னாள்: "உங்க பொழைப்புல நீங்களே மண்ணை அள்ளிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. தெரியுதில்ல?"

"தெரியுது."

"தம்பியும் முறைச்சுக்கிட்டான்."

"தெரியுது."

"அப்புறம் ஏங்க?"

ஹலோ செருப்பைச் சுவரோரம் தள்ளிவிட்டார். "எனக்கு வேற மாதிரி சொல்ல வரலைம்மா. அன்னைக்குக் கேட்டதுக்கு அப்புறம் வரலை."

"நல்லாத்தான் பேசினீங்க. கையை மட்டும் அப்படிக் கட்டிக்காம இருந்திருக்கலாம், வாத்தியார் முன்னாடி நிக்கிற மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வேலை தொடங்கி முடிய ஒரு மழைக்காலமும் இரண்டு வெயில்காலமும் ஆயின. கடை வரிசைகளை இடித்து, தபால்காரர் விடாமல் மல்லுக்கட்டியதில் பழைய கடைக்காரர்களுக்கே திரும்பக் கொடுக்கும்படி கட்டினார்கள். எல்லோருமே திரும்பி வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பழக்கடைக்காரர் நடுவிலேயே வேறு பக்கம் போய்விட்டார். லிப்ட் வந்தது, சின்னதுதான், ஆனால் சக்கர நாற்காலி நுழையும். மைத்துனன் கடை லிப்டைத் திறந்தவுடன் முதல் கடை. லிப்ட் திறந்த அன்று அவனே வந்து, "மாமா, ஏறிப் பாருங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். எல்லாவற்றுக்கும் முன்னால், அஸ்திவாரம் தோண்டிய கையோடு, பெண்களுக்கான கழிப்பறைகளைக் கட்டித் தண்ணீரும் விட்டுவிட்டார்கள். அதற்குத் திறப்பு விழா வைக்கலாமா என்று யாரோ கேட்டதற்குத் தையல்கார அக்கா, "வேண்டாம், கூட்டம் சேர்ந்துரும், நான் அவசரமாப் போகணும்" என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி வளாகமே சிரித்தது.

ஆமை அப்படியே நிற்கிறது. வெளிப்பூச்சு மட்டும் புதுசு. அக்கா ஒரு நாள் அதன் வாசலில் ஹலோவைப் பார்த்து, "நான் இதை இடிக்கச் சொன்னதைக்கூட அது ஒழுங்காத்தான் எடுத்துச் சொல்லியிருக்கு, பாருங்க" என்றாள். அவர் குனிந்து காதைக் கொடுத்துத்தான் அதைக் கேட்டார், வெளியே நின்றதால்.

ஹலோவுக்கு வேலை குறைந்ததுதான். இப்போது திறந்தவெளிக் கூட்டங்களுக்கும் பக்கத்துப் பகுதிகளுக்கும் போகிறார். போகிற இடங்களில் பேசுகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனிக்கிறார். சில சமயம் திருகைத் திருப்ப மறந்துவிட்டுக் கேட்டுக்கொண்டே நிற்பதாக மனைவியிடம் புகார்கூட வந்திருக்கிறது. புதிதாக ஒரு மண்டபத்துக்குள் போனால், சாமான்களை இறக்குவதற்கு முன்னால் நடுவில் போய் நின்று கூரையைப் பார்க்கிறார்.

போன வாரம் ஆமையில் குப்பைத் தொட்டியை எங்கே வைப்பது என்று ஒரு கூட்டம். பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஹலோ பின்வரிசையில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வேறோர் இடத்தில் செட் போட வேண்டியிருந்ததால் பாதியில் கிளம்பினார். கதவருகே வந்தவர் நின்றார். முன்வரிசையில் ஒரு பெண் பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள், சாவிக்கொத்து குலுங்கியது. அதைக் கேட்டுவிட்டுத்தான் வெயிலுக்குள் இறங்கிப் போனார்.